கடைசி அரை நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை என்றாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. எட்டரை மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம் கேட்கும். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே ஒரு திடல் இருக்கிறது. எங்கள் பகுதியில் பள்ளி பஸ் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், அதன் ஓரத்தில் தன் மஞ்சள் நிற பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் வெளியே வரும்வரை அடிப்பார். இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "சரிலா, மெதுவா அடிக்கிறேன்" என்பார். ஹாரனை எப்படி மெதுவாக அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

ஹாரன் எதற்கென்றால், புது ஆல்பத்துக்கு. உலகத்தில் யார் ஜாஸ் ஆல்பம் போட்டாலும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியிடுகிறார்கள். அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டால், திரும்ப ஏற்றிக்கொள்ளப் பதினொன்றரைக்குப் போனால் போதும். வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரம் விட்டுவிடும். நடுவில் இருக்கிற மூன்று மணி நேரத்தை அவர் உலகத்து இசைக்காரர்களுக்கெல்லாம் ஒதுக்கி வைத்திருந்தார். எனக்கும் சேர்த்து. நான் வீட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கீபோர்ட் வாசிக்கிறவள். வகுப்புகள் மதியத்துக்கு மேல்தான் என்பது அவருக்குத் தெரியும். சமைக்க வேண்டும், துணி காயப்போட வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது.

அவர் இப்போது ஈப்போவில் இல்லை. பஸ்ஸை விற்றுவிட்டு ஜொகூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முனைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோபம் வந்தது, ஆனால் ஆச்சரியப்படவில்லை. எதையும் முடித்து வைக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. இதுதான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் செய்தி. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் உட்காருவேன். சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கை, முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். பிஸ்கட் தூள் சேலையில் ஒட்டும். அவர் ஓட்டுநர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, கைப்பேசியைப் பஸ் ஒலிபெருக்கியில் இணைப்பார். பிள்ளைகள் இருக்கும்போது தமிழ் வானொலி பாடும் ஒலிபெருக்கி அது. அதில் யாரோ ஒரு நார்வேக்காரி டிரம்பெட் ஊதுவாள், ஒரு தென்னாப்பிரிக்கக்காரர் பியானோவைத் தட்டுவார்.

ஆல்பத்தின் முகப்பில் யார் பெயர் இருக்கிறது என்று அவர் பார்க்கவே மாட்டார். கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைத்தான் தேடுவார். டிரம்ஸ் யார், பேஸ் யார், ஒலிப்பதிவு செய்தது யார். "முன்னுக்கு நிக்கிற ஆள விடு தங்கச்சி. பின்னுக்கு யாரு, அத பாரு" என்பார். காதில் விழுவதை வைத்துக்கொண்டு அந்த ஆட்களைப் பற்றியே சொல்ல ஆரம்பிப்பார். இந்த டிரம்மர் கோயிலில் வாசித்து வளர்ந்தவன், பாடுகிறவர்களுக்கு மூச்சு விட இடம் கொடுக்கிறான். இந்த பேஸ்காரனுக்கும் பியானோகாரனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இந்தப் பெண் எல்லாருக்கும் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் தான் உட்காருவாள். எல்லாம் கப்சா என்று நினைத்து நான் இணையத்தில் தேடிப் பார்த்ததுண்டு. பாதி சரியாகவே இருந்தது, அது இன்னும் எரிச்சல்.

இவ்வளவு உயிரை விட்டுக் கேட்கிறவர், ஒவ்வொரு பாட்டும் முடிய அரை நிமிடம் இருக்கும்போது பட்டென்று நிறுத்திவிடுவார். நான் கத்துவேன். முடிவு எப்படி வருகிறது என்று தெரிய வேண்டாமா என்று கேட்பேன். "முடிவுல என்னா இருக்கு" என்று அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். அவர் போன பிறகு வீட்டுக்கு வந்து, அதே ஆல்பத்தைத் திறந்து, கடைசி அரை நிமிடங்களை மட்டும் வரிசையாகக் கேட்பேன். என் வெள்ளிக்கிழமை சமையல் அந்த அரை நிமிடங்களோடுதான் நடக்கும்.

இது பாட்டோடு நிற்கவில்லை. கடையில் தே தாரிக் குடித்தால் கடைசி மடக்கு கோப்பையிலேயே கிடக்கும். பூசையில் நற்கருணை வாங்கிய கையோடு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவார். ஃபாதர் இறுதி ஆசீர் கொடுக்கும்போது அவர் பஸ் கிளம்பும் சத்தம் கேட்கும். கைப்பேசியில் பேசினால் வைக்கிறேன் என்று சொல்ல மாட்டார், திடீரென்று சத்தம் இருக்காது, அவ்வளவுதான். கதை சொன்னால் அதுவும் பாதியில் நிற்கும். அவர் பிறந்தது சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் ஒருநாள் காலையில் ரப்பர் மரத்துக் கிளையில் தொங்கியதாம். அப்புறம் என்று கேட்டேன். "அப்பறம் என்னா, மணியாச்சு, பிள்ளைங்க நிப்பாங்க" என்று பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து முறையாவது கேட்டிருப்பேன். அந்த மோட்டார் சைக்கிள் மரத்தில் எப்படி ஏறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் நடுரோட்டில் தெரிந்துகொண்டேன். ஈப்போ பழைய டவுனில் ஒரு சீனர் சாவு ஊர்வலம். கார்கள் எல்லாம் நின்றுவிட்டன. சவ வண்டிக்கு முன்னால் வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்ட பத்துப் பேர் வாத்தியம் வாசித்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டாவது வரிசையில் சாக்ஸபோனோடு இவர். மெதுவான ஒரு பழைய பாட்டு. அவ்வளவு அழகாக வாசித்தார். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த கார்க்காரர்கூட அடங்கிவிட்டார். முச்சந்தியில் சவ வண்டி திரும்பியது. குழுவின் முதலாளியான தவுக்கே வெள்ளைக் கையுறை போட்ட கையைத் தூக்கினார். வாத்தியமெல்லாம் அந்த இடத்திலேயே அறுந்து நின்றது. இவர் ஒரு சுரத்தின் நடுவில் இருந்தார், அது பாதியாகவே போய்விட்டது. வாத்தியத்தைக் கவிழ்த்து எச்சிலை உதறினார், துடைத்தார், ஓரத்தில் நின்ற லோரியில் ஏறிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டேன். தோட்டத்தைவிட்டு ஈப்போ வந்த நாளிலிருந்து அந்தக் குழுவில் வாசிக்கிறாராம், இருபது வருடத்துக்கு மேல். பஸ் ஓட்டம் இல்லாத நேரத்தில் கூப்பிடுவார்கள். பாட்டு எத்தனை தெரியும் என்றால் கணக்கில்லை. ஒன்றையாவது கடைசிவரை வாசித்ததுண்டா என்று கேட்டேன்.  "கை தூக்குனா நிப்பாட்டணும். எந்த எடத்துல இருந்தாலும் சரி. அதுதான் வேலை" என்றார். நான் அன்று சிரித்தேன். இதற்குள் எங்கள் ஆல்பத்தின் முடிவு இருக்கிறது என்று அப்போது தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

எங்கள் ஆல்பம் என்று நான் சொல்வது ஏழு பாட்டு. ஏழும் அவர் போட்டது, காலையில் காலியாக நிற்கும் பஸ்ஸில் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஊதி ஊதிச் செய்தது. பெயரெல்லாம் அவர் பஸ் போகும் வழியில் இருந்து எடுத்தவை. 'ரயில் கேட்', 'கோழிக்கடை முனை', 'லேட்டா வர்ற இரட்டைப் பிள்ளைங்க', இப்படி. மூன்று பேர் சேர்ந்து வாசிப்போம். அவர் சாக்ஸபோன், நான் பியானோ, என் தம்பி ஜெரோம் டிரம்ஸ். பேஸ் வாசிக்க ஆள் இல்லை, அந்த வேலையை என் இடது கை பார்த்துக்கொண்டது. ஜெரோம் தஞ்சோங் மாலிம் பக்கத்தில் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சனிக்கிழமை ரயிலேறி வருவான். அவன் டிரம்ஸ் செட் என் வீட்டுப் பின்னறையில் கிடக்கும். மூவருக்கும் அது சும்மா ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். ஆல்பமாகப் போடலாம் என்று சொன்னது நான்தான். அதற்காக என்னையே திட்டிக்கொள்ளாத வாரம் இல்லை.

ஸ்டூடியோவுக்கு நாள் குறித்த பிறகு ஒரு சனிக்கிழமை ஜெரோம் வழக்கத்தைவிட முன்னதாக வந்தான். சமையலறையில் நின்றுகொண்டு சொன்னான். வலது கை கொஞ்ச நாளாகச் சொல்பேச்சு கேட்கவில்லை. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டான். மெல்ல மெல்லத்தான் மோசமாகும், மருந்து இருக்கிறது, ஆனால் டிரம்ஸ் வாசிப்பதெல்லாம் இன்னும் எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் அழ ஆரம்பித்தேன். அவன் அதைக் கண்டுகொள்ளாமல் ஒரே ஒரு விஷயம் கேட்டான். "அண்ணங்கிட்ட சொல்லாதக்கா. தெரிஞ்சா எனக்காகப் பாவப்பட்டு வாசிப்பாரு. அது வேணாம். கை நல்லா இருக்கறப்ப ஒரு ஆல்பம், அது போதும்."

ஆகவே எனக்கு அவசரம். ஏன் என்று சொல்ல முடியாத அவசரம்.

ஸ்டூடியோ ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில். முதல் நாளிலேயே ஆறு பாட்டு முடிந்தது. அவற்றுக்கு முடிவு நான் எழுதி வைத்திருந்தேன், பியானோவில் நானே முடித்துவிடுவேன், அவர் முன்னதாகவே நழுவிக்கொள்வார். ஏழாவதுதான் சனியன். அதன் பெயர் 'காலி பஸ்'. கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு வீட்டுக்குத் திரும்பும் பஸ். அதை அவர்தான் முடிக்க வேண்டும், வேறு யார் முடித்தாலும் பொய்யாகிவிடும் என்பது அவர் கட்சி. ஆரம்பித்தார். பிரமாதம். ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம். முடிகிற இடம் வரும், அதைத் தாண்டிப் போவார். இன்னொன்று வரும், அதையும் தாண்டுவார். பிறகு எங்கேயாவது கீச்சென்று ஒரு சத்தம், ச்சே என்று வாயிலிருந்து எடுத்துவிடுவார். "இன்னொரு தடவ" என்பார்.

அன்று எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஜெரோம் ஒவ்வொன்றுக்கும் புதிதாக வாசித்தான். அந்த நாளில் அவன் கை அவ்வளவு நன்றாக இருந்தது. கடைசியில் குச்சியைத் தொடையில் வைத்துக்கொண்டு விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான். ஒலியை மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாமே என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். இவர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அது ஏமாற்று வேலை என்றார் எங்கள் ஆள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அவர் முடிகிற இடத்தைத் தாண்டிப் போனபோது, எனக்கு அந்த வெள்ளைக் கையுறை ஞாபகம் வந்தது. கையைத் தூக்கினால் நின்றுவிடுவாரோ என்று நினைத்தேன். என் வலது கை பியானோவைவிட்டு ஒரு சாண் எழுந்தும் விட்டது. உடனே கீழே போட்டேன். அது சாவு வீட்டுக் கை. உடம்பைக் கொண்டு போகிறார்கள் என்பதற்குத் தூக்குகிற கை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தம்பியின் முன்னால் அதைத் தூக்குவேனா? எனக்கு மனசு வரவில்லை. மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். நான் சொல்கிற இரண்டு வருடம் என்பது நூறு வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புது ஆல்பம். ஒவ்வொரு புது ஆல்பத்துக்கும் எங்கள் ஆல்பம் ஒரு வாரம் தள்ளிப் போகும். பெர்லினில் யாரோ டிரம்ஸ் மட்டும் வைத்துப் பாட்டை முடித்திருக்கிறானாம், நாமும் முயற்சி பண்ணலாம். தோக்கியோவில் ஒருத்தி ஒரே மூச்சில் ஊதியிருக்கிறாளாம், அதைக் கேட்ட பிறகு நம்முடையது பழைய சோறாகத் தெரிகிறது. முடிவையே கேட்காத மனிதர் முடிவைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார். ஆறு பாட்டை மட்டும் வெளியிடலாம் என்றேன். ஏழாவது ஸ்டாப்புக்குப் போகாத பஸ்ஸில் யார் ஏறுவார்கள் என்றார். அண்ணே, அவசரம் என்றேன். "என்னா அவசரம்? ரயிலா புடிக்கப் போற?" என்றார். என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போனேன். அன்று மீன் கருகியது.

ஜெரோம் சனிக்கிழமைகளில் வருவது குறைந்தது. வேலை அதிகம் என்று அவரிடம் சொன்னேன். வந்தாலும் குச்சியைவிட கம்பி பிரஷ்ஷைத்தான் எடுத்தான், அது கைக்கு லேசு. "தம்பி இப்பெல்லாம் ரொம்ப ஸ்டைலா வாசிக்கிறான்" என்று அவர் சந்தோஷப்பட்டார். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற டிரம்மரின் குணம் தெரிகிற காதுக்கு, இரண்டடி தூரத்தில் இருப்பவனின் கை தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் ஜெரோமே கேட்டான், இன்னும் ஒருமுறைதான் முடியும்போல் இருக்கிறது என்று. ஈப்போவரை வருவதே அவனுக்குச் சிரமம். இடம் நடுவழியில் இருந்தால் நல்லது என்று அவரிடம் ஏதோ காரணம் சொன்னேன். அவர் உடனே தன் தோட்டத்துக் கோயிலைச் சொன்னார். ரப்பரையெல்லாம் வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டுவிட்டார்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் பாதி இடிந்துவிட்டது, ஆனால் சின்ன மாதா கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு வருடத்தில் ஒருநாள் திறப்பார்கள். சாவி அவர் மாமன் மகனிடம். ஊர்ப்பாசம் வந்துவிட்டதா என்று கேட்டேன். பாசமும் இல்லை ஒன்றும் இல்லை, பலகைக் கூரை, சத்தம் நன்றாக நிற்கும் என்றார்.

டிரம்ஸும் கீபோர்டும் பள்ளி பஸ்ஸிலேயே போயின. பிள்ளைகள் இருக்கையில் டிரம்ஸ் ஒவ்வொன்றாக உட்கார்ந்து வந்தது. ஜெரோமை அவன் மனைவி காரில் கொண்டுவந்து விட்டாள். காலை பத்து மணி. கதவையெல்லாம் அடைத்தோம். ஒலிப்பதிவுக் கருவியை பலிபீடத்துப் படியில் வைத்தேன். அவர் நடுவில் என்னைப் பார்த்து நின்றார். ஜெரோம் எனக்கு இடப்பக்கம்.

முதல் தடவையிலேயே அவர் வேறு ஆளாக இருந்தார். அந்த இடத்தில் பிறந்து வளர்ந்த கதை ஒன்றும் அந்த வாசிப்பில் இல்லை. ஒரு மனிதன் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான், அவ்வளவுதான். ஐந்து நிமிடம். முடிகிற இடம் வந்தது, தாண்டினார். எட்டு நிமிடம். ஜெரோமின் பிரஷ் ஒரு அடி பிந்தியது. சமாளித்தான். பத்து நிமிடம். இன்னொரு நல்ல இடம் வந்தது, அதையும் தாண்டினார். ஜெரோமின் வலது கை சிம்பல் தட்டுக்குப் பதிலாகக் காற்றை அடித்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் குளத்தில் காலெட்டாத இடத்துக்குப் போய்விட்டு ஒருமுறை அப்படித்தான் பார்த்தான்.

என் இடது கை பேஸை விடவில்லை. வலது கையைத் தூக்கினேன். முழுசாக, தலைக்கு மேல்.

அவர் நின்றார். சுரத்தின் நடுவில், அந்த இடத்திலேயே. என் இடது கையும் தானாக நின்றது. ஜெரோம் கடைசியாகத் தொட்ட சிம்பல் மட்டும் பலகைக் கூரையின் கீழே மெல்ல அதிர்ந்து அடங்கியது. வெளியே தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று முனகியது.  அதைவிடச் சரியான முடிவை நான் எந்த வெள்ளிக்கிழமை ஆல்பத்திலும் கேட்டதில்லை.

என்னை முறைப்பார், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் சாக்ஸபோனைக் கவிழ்த்து எச்சிலை உதறினார், துணியால் துடைத்தார். "சரி, போலாம்" என்றார். வேலை முடிந்த ஆளின் குரல், நிம்மதியான குரல். இரண்டு வருடம் என்னை வாட்டி எடுத்த மனிதர், ஒரு கையைத் தூக்கியதற்கு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம்போல் இருந்தது.

டிரம்ஸைப் பிரிக்கும்போது ஜெரோம் சிம்பல் தாங்கியின் திருகைக் கழற்றப் பார்த்தான். விரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. அவர் வந்து அவன் கையை நகர்த்திவிட்டுத் தானே கழற்றினார். கழற்றும்போது திருகைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஈப்போ வரும்வரை பஸ்ஸில் வானொலிகூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹாரன் ஒரே ஒருமுறை அடித்தது. பஸ்ஸில் ஏறினேன். பாட்டு எதுவும் ஓடவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன். ஸ்டூடியோவுக்கு முன்னாலேயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு அவர் பேசியதுதான் அவர் என்னிடம் கோபமாகப் பேசிய ஒரே பேச்சு.

"அன்னைக்கே கைய தூக்கியிருந்தா அன்னைக்கே நின்னிருப்பேன்லா. எனக்கு வேற என்னா தெரியும்? யாராச்சும் தூக்குவீங்கன்னுதானே ஊதிக்கிட்டே இருந்தேன்."

எனக்கும் கோபம் பொங்கியது. அது சாவு வீட்டுக் கை அண்ணே, தம்பியை வைத்துக்கொண்டு எப்படித் தூக்குவேன் என்று கத்தினேன். என் குரல் திடல்வரை கேட்டிருக்கும்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உனக்குச் சாவு வீட்டுக் கை. எனக்கு அது வேலை முடிஞ்ச கைம்மா. அதைத் தூக்குனா வீட்டுக்குப் போலாம்."

 இரண்டு வருடமாக நான் அவரைத் திட்டினேன். அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஜெரோமின் நல்ல கை அந்த நேரத்தில் கரைந்து போனது. ஒரு சாண் தூக்கிவிட்டுக் கீழே போட்ட என் கையை யாரிடம் சொல்லி அழுவது? அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை ஜெரோமிடமும் சொல்லவில்லை.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றும் வேலை என்னுடையது. ஏற்றுவதற்கு முதலில் முகப்பில் யார் பெயர் என்று கேட்கிறது. அவர் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, சரிபார்க்கக் காட்டினேன். அழிக்கச் சொன்னார். "முன்னுக்கு ஜெரோம் பேரு போடு. நான் பின்னுக்கு." ஜெரோம் ஒத்துக்கொள்ளவில்லை, நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விடவில்லை. இப்போது அந்த ஆல்பத்தைத் தேடினால் டிரம்மர் பெயரில்தான் வரும். அவர் பெயர் வேண்டுமென்றால், அவர் பார்ப்பதைப்போலவே, கடைசியில் பொடி எழுத்தில் தேடிப் பார்க்க வேண்டும். அவர் விருப்பம் அது. அதனால்தான் இங்கேயும் எழுதவில்லை.

கேட்டவர்கள் அதிகம் பேர் இல்லை. ஒரு வெளிநாட்டு இணைய வானொலியில் ஒருவர் பேசினாராம். கடைசிப் பாட்டில் டிரம்மர் வேண்டுமென்றே பிந்தி அடிக்கிறார், சிம்பலைத் தொடாமலே விடுகிறார், என்ன ஒரு அடக்கம் என்று புகழ்ந்தாராம். ஜெரோம் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆல்பம் வெளியானதும் ஒரு வெள்ளிக்கிழமையில்தான். ஜெரோம் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல்நாளே வந்துவிட்டான். எட்டரைக்கு ஹாரன் மூன்று முறை அடித்தது. அன்று எனக்கு அது பரவாயில்லை. ஜெரோமை முதல் வரிசையில் உட்கார வைத்தார், நான் என் மூன்றாவது வரிசையில். மற்ற ஆல்பங்களைப் போட்டதுபோலவே போட்டார். 'ரயில் கேட்', 'கோழிக்கடை முனை'. ஒவ்வொன்றும் முடிய அரை நிமிடம் இருக்கும்போது நிறுத்திக்கொண்டே வந்தார். எங்கள் ஆல்பத்துக்குமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெரோம் திரும்பி என்னைப் பார்த்து, விடுக்கா என்பதுபோல் தலையாட்டினான்.

'காலி பஸ்' ஆரம்பித்தது. நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். அவர் விரல் பொத்தான்மேல் போய்விட்டது. இதில் மட்டும் கை வைத்தால் அந்தக் கையைத் தட்டிவிடுவது என்று எழுந்தும் விட்டேன். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். ஜெரோமின் பிரஷ் பிந்துகிற இடம் வந்தது, அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சாக்ஸபோன் அறுந்தது. சிம்பல் அதிர்ந்து அடங்கியது. லோரி முனகியது. பிறகு பதிவும் முடிந்து, ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்.

அவர் இன்னும் நிறுத்தவில்லை. விரல் பொத்தான்மேல் அப்படியே இருந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஜெரோமைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெரோமுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, தொடைமேல் மற்ற கையால் பிடித்து வைத்திருந்த வலது கையை விடுவித்தான். அது நடுங்கியது, அவன் மறைக்கவில்லை. மெதுவாகத் தோள் உயரத்துக்குத் தூக்கினான்.

அவர் பொத்தானை அழுத்தினார்.

"சரி, போலாம்" என்றார்.